அம்சவேணி நிற்குமிடம்

அம்சவேணி செத்த நான்காம் மாதம், வந்தவாசியில் ஒரு கோரைப்பாய் வியாபாரி வீட்டுக் கல்யாண ஆல்பத்தின் இருபத்திரண்டாம் பக்கத்தில், வலது ஓரமாக, பச்சைப் பட்டுப் புடவையும் தலை கொள்ளாத பூவுமாக, கையில் விளக்குக் கம்பத்தைப் பிடித்தபடி நின்றிருந்தாள். ஆல்பத்தைச் சுற்றி உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்த பெண்களில் ஒருத்தி அம்சவேணி என்றாள், பின்னே வேறு யார், விளக்கு பிடிக்கிறவள் அவள்தானே என்று இன்னொருத்தி பக்கத்தைப் புரட்டப் போனாள், மூன்றாமவள் மட்டும் அவள் கையைப் பிடித்து நிறுத்திப் புடவையை உற்றுப் பார்த்தாள். பிணத்தை எடுக்கும்போது கட்டிவிட்ட அதே புடவை என்று அவள் உறுதியாகச் சொன்னாள். கட்டிவிட்டதே அவள்தான்.

ஆல்பத்தை எடுத்த தணிகாசலத்துக்கு, அதாவது அம்சவேணியின் புருஷனுக்கு, செய்தி ஸ்டுடியோவுக்கே வந்து சேர்ந்தது. அவர் அப்போது பாஸ்போர்ட் சைஸ் போட்டோக்களைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். அப்படியா என்று கேட்டுவிட்டு மிச்சப் போட்டோக்களையும் கத்தரித்து முடித்தார். அந்த நான்கு மாதமாக அவர் எல்லாவற்றுக்கும் அப்படியா என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். மழை வருகிறது என்றாலும் அப்படியா, சாம்பாரில் உப்பில்லை என்றாலும் அப்படியா, பக்கத்துக் கடைக்காரர் பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை என்றாலும் அப்படியா. ஊசி போட்ட பிறகு பல் பிடுங்கும்போது வாயில் ஏதோ நடக்கிறது என்று மட்டும் தெரியுமே, அப்படித்தான் அவருக்கு நாட்கள் போயின.

அவர் அழவில்லை என்பதை ஊர் அன்றைக்கே கவனித்திருந்தது. தை மாதம் அம்சவேணிக்குக் காய்ச்சல் வந்து பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் ஒரு முகூர்த்தம் இருந்தது, ஒத்துக்கொண்ட முகூர்த்தம். இருபத்தேழு வருஷத்தில் ஒரு தாலிகட்டைக்கூடத் தவறவிடாதவர் என்று பேர் எடுத்தவர் தணிகாசலம். கட்டிலில் படுத்திருந்த அம்சவேணிதான் அவரை விரட்டினாள். "நீ போய்ட்டு வா. தாலி உனக்காக நின்னுக்கினு இருக்காது" என்றாள். போனார், தாலியை எடுத்தார், அட்சதை விழுவதையும் எடுத்தார், திரும்பி வந்தபோது கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் அந்த விஷயம் தெரிந்தது. நாலாயிரம் மணப்பெண்களைப் படம் எடுத்தவரிடம் சொந்தப் பெண்டாட்டியின் படம் ஒன்றுகூட இல்லை. இருபத்தேழு வருஷமாக அவர் எடுத்த ஒவ்வொரு கல்யாணத்திலும் விளக்குப் பிடித்தவள் அவள், விளக்குப் பிடிக்கிறவளின் வேலையே படத்தில் விழாமல் இருப்பது. ஒவ்வொரு முறையும் "நான் ஃபிரேம்ல விழறனா?" என்று கேட்பாள். அவர் கேமராவிலிருந்து கண்ணை எடுக்காமலே இடது கையை நீட்டி, சோற்றில் உட்கார வரும் ஈயை விரட்டுவதுபோல் விரல்களை வெளிப்பக்கம் இரண்டு ஆட்டு ஆட்டுவார். அவள் ஓரடி ஒதுங்குவாள். வீட்டில் தேடிப் பார்த்து ஒன்றும் கிடைக்காமல், கண்ணீர் அஞ்சலி பேனருக்கு ஆதார் அட்டையில் இருந்த படத்தையே பெரிதாக்கி வைத்தார்கள். ஆதார் படத்தில் யார் யாராகவும் இருப்பதில்லை. மாலையோடு துக்கத்துக்கு வந்தவர்களே அந்தப் பேனரை அண்ணாந்து பார்த்து, செத்தது யார் என்று கேட்டார்கள்.

கேமரா விஷயம் இது. பழைய கேமரா சின்ன சென்சார் உள்ளது, லென்ஸ் பார்க்கிறதில் நடுவை மட்டும் வைத்துக்கொண்டு ஓரங்களை வெட்டிவிடும். ஓரங்களை வெட்டாத ஃபுல் பிரேம் கேமரா வாங்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் அம்சவேணிதான். அதற்கு என்ன லென்ஸ்கள் என்பதில் இரண்டு பேருக்கும் சண்டை, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார்கள். சொல்லி வைத்த கேமரா அவள் போன பிறகு சித்திரையில் வந்து சேர்ந்தது. பழைய லென்ஸ்களைப் போட்டால் படத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்தது, அதனால் ஆற்காட்டில் லென்ஸ் வாடகைக்கு விடும் கலீமுல்லா பாயிடம் இருபத்துநாலு-எழுபது ஜூம் ஒன்றை இரவல் வாங்கினார். அந்த லென்ஸில் எடுத்த முதல் கல்யாணம்தான் கோரைப்பாய் வியாபாரி வீட்டுக் கல்யாணம். ஊர் இதற்குச் சுலபமாகக் கணக்குச் சொன்னது. மூன்று மாதமாக அவள் வராமல் இல்லை, வழக்கமான இடத்தில்தான் நின்றிருக்கிறாள், பழைய கேமரா அவளை வெட்டிவிட்டிருக்கிறது என்றார்கள்.

அதற்கு மேல் யாரும் காரணம் தேடவில்லை. அந்த வட்டாரத்தில் சுமங்கலியாகச் செத்துப்போன பெண்ணைப் பூவாடைக்காரி என்று வீட்டுத் தெய்வமாக்கி, கல்யாணத்துக்கு முன்னால் புதுப்புடவையும் பூவும் வைத்துக் கும்பிடுவது ஏற்கெனவே இருக்கிற வழக்கம். இத்தனை நாள் புடவை வைத்தவர்களுக்கு வாங்கிக்கொண்டவள் வந்தாளா இல்லையா என்று தெரிந்ததில்லை, இப்போது ஆல்பத்திலேயே தெரிந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். வைகாசி முகூர்த்தங்கள் முழுக்கத் தணிகாசலத்தைத் தேடியே வந்தன. மற்றப் போட்டோக்காரர்கள் விலை உயர்ந்த கேமராக்களோடு முயன்று பார்த்தார்கள், அவள் அவர்கள் கேமராக்களில் விழவில்லை, கடைசியில் அவர்கள் சண்டை போடாமல் வீடியோவுக்கும் டிரோனுக்கும் மாறிக்கொண்டார்கள். கல்யாண மகாலின் மேனேஜர் ஏகாம்பரம், கட்டிடம் தன் சொந்தப் பாட்டன் சொத்து மாதிரி அலட்டிக்கொள்கிற ஆள், மேடையின் வலது பக்கத்தில் பெயிண்டால் ஒரு கோடு போட்டு, 'அம்சவேணி நிற்குமிடம், நாற்காலி அடுக்கக் கூடாது' என்று எழுதி வைத்தார். பந்தியில் ஓர் இலை அவளுக்கென்று விழ ஆரம்பித்தது. கல்யாணத்தைப் பதிவு செய்யப் போன ஒரு ஜோடியிடம், படத்தில் மூன்றாவதாக நிற்பவர் யார் என்று குமாஸ்தா கேட்டார், அம்சவேணி என்றார்கள், அவர் உறவு என்ற இடத்தில் 'விளக்கு' என்று எழுதி முத்திரை குத்தினார். ஒரு கட்சிக்காரர் தன் கூட்டத்துக்குத் தணிகாசலத்தைக் கூட்டிப்போய்ப் பார்த்தார், அதற்கு அவள் வரவில்லை, அவள் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் மட்டும்தான் வருவாள் என்று ஊர் தெரிந்துகொண்டது.

விளக்கு பிடிக்கத் தணிகாசலம் ஆள் வைத்துக்கொள்ளவில்லை. தேவைப்படவில்லை. மேடையில் விளக்கே இல்லாவிட்டாலும் படத்தில் மணப்பெண்ணின் இடது கன்னத்தில், அம்சவேணி எப்போதும் விழ வைக்கும் அந்த இதமான வெளிச்சம் விழுந்திருந்தது.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள், தணிகாசலம் மட்டும் பார்க்கவில்லை. கேமராவுக்குள் ஓரத்தில் பச்சையாக ஏதோ நிற்பது தெரியும், அதற்கு மேல் கண்ணைக் கொண்டுபோக மாட்டார். ஜூம் வளையத்தை எழுபதுக்குத் திருப்பினால் முகம் கிட்ட வந்துவிடும் என்று தெரிந்தே இருபத்துநாலிலேயே வைத்திருந்தார். முகத்தைப் பார்த்தால் என்ன ஆகும் என்று அவருக்குப் பயமாக இருந்தது. பார்க்காமலே இருந்தால் மறந்துவிடும் என்றும் பயமாக இருந்தது, ஏனென்றால் ஏற்கெனவே மறக்க ஆரம்பித்திருந்தது. கண்ணை மூடினால் ஆதார் படம்தான் வந்தது.

ஆடியில் முகூர்த்தம் இல்லாததால் அந்த மாதம் முழுக்க அவள் யார் கண்ணிலும் படவில்லை. ஆடிக் கடைசியில் கலீமுல்லா பாய் ஒரு பெட்டியோடு வந்தார். பெட்டியில் மூன்று ஜூம் லென்ஸ்களுக்குக் குழி, ஃபுல் பிரேமுக்கென்றே செய்த முழு செட். கட்டையாக, வாய் அகன்றதாக ஒன்று, பதினாறு-முப்பத்தைந்து, அது வைடு. நடுவிலே காலியாக இருந்த குழி தணிகாசலத்திடம் ஏற்கெனவே இருக்கிற இருபத்துநாலு-எழுபதுக்கு. மூன்றாவது முழங்கை நீளத்துக்கு, குழந்தையைத் தூக்குகிற கனத்துக்கு, எழுபது-இருநூறு, அது தூரத்தைக் கிட்டே இழுக்கிற டெலி. நடு லென்ஸ் சோறு மாதிரி, அது இல்லாமல் ஒன்றும் நடக்காது, மற்ற இரண்டில் எது என்பதுதான் கேள்வி என்றார் பாய். ஆவணி முடிகிறவரை மூன்றையும் வைத்துக்கொள், ஓட்டிப் பார், ஒன்றைத் திருப்பிக் கொடு, ஆம்பூரில் ஒருவர் எது கிடைத்தாலும் எடுத்துக்கொள்ளக் காத்திருக்கிறார் என்றும் சொன்னார்.

பிறகு டீ வரும்வரை கம்ப்யூட்டரில் வைகாசி, ஆனிப் படங்களைத் தேதிவாரியாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த பாய், ஓர் இடத்தில் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். முதல் கல்யாணத்தில் அம்சவேணி விரல் நீளத்துக்கு இருந்தாள். ஐந்தாவதில் நகம் அளவு. ஆனி கடைசி முகூர்த்தத்தில் நெல் அளவு. மேடைக்குப் பின்சுவர் இருபதடியில் முடிந்துவிடுகிறது, அவளோ சுவர் என்று ஒன்று இல்லாததுபோல் நூறடிக்கு அப்பால் நிற்கிறவளின் அளவில் நின்றிருந்தாள். படத்தைக் கம்ப்யூட்டரில் பெரிதாக்கினால் முகம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"தணிகாசலம், உன் வீட்டம்மா தூரமாப் போய்க்கினு இருக்காங்க" என்றார் பாய். நடந்து கிட்டே போகலாமே என்று அவரே கேட்டு, அவரே அதற்குப் பதிலும் கண்டுபிடித்தார். தணிகாசலம் மேடைக்கு நெருங்கி எடுத்த படங்களிலும் அவள் அதே அளவில்தான் இருந்தாள். கால் போகிற தூரம் இல்லை இது, லென்ஸ் போகிற தூரம் என்றார் பாய். இந்த வேகத்தில் போனால் இன்னும் நாலைந்து முகூர்த்தம், அதற்குப் பிறகு இருநூறிலும் பிடிக்க முடியாது.

தணிகாசலம் அப்படியா என்றார்.

ஊருக்கு விஷயம் தெரிந்ததும் ஊர் தன் பங்குக்கு லென்ஸ் தேர்ந்தெடுக்க ஆரம்பித்தது. எஃப் நம்பர் என்றால் என்னவென்று அதுவரை கேள்விப்படாதவர்கள்கூட டீக்கடையில் நின்று வைடா டெலியா என்று பேசினார்கள். பெரும்பாலானவர்களுக்கு வைடுதான் வேண்டும். வைடில் மேடை முழுக்க வரும், மாமன் மச்சான் ஒருத்தர் விடாமல் வருவார்கள், அம்சவேணி எவ்வளவு ஓரத்துக்குப் போனாலும் எள் அளவிலாவது வருவாள், ஆசீர்வாதத்துக்கு எள் அளவு போதாதா என்றார்கள். டெலியில் அவள் முகம் மட்டும் வந்து என்ன பிரயோசனம், பொண்ணு மாப்பிள்ளை வர மாட்டார்களே என்று ஏகாம்பரம் கேட்டார். நியாயமான கேள்விதான். டெலி யாருக்கும் வேண்டாத லென்ஸாக இருந்தது, தணிகாசலத்துக்கும் அது வேண்டாம். வைடை அவர் ஒற்றை வலது கையிலேயே பிடித்து எடுத்தார், லேசாக இருந்தது, அம்சவேணி ஒரு பச்சைப் புள்ளியாக இருந்தாள், புள்ளிக்கு முகம் கிடையாது. ஆவணியின் முதல் மூன்று கல்யாணங்களை அப்படியே எடுத்து முடித்தார்.

நான்காவது, ரைஸ்மில் துளசிங்கம் வீட்டுக் கல்யாணம். துளசிங்கம் கறார் பேர்வழி, அரிசியில் ஒரு கல் இருந்தாலும் மூட்டையைத் திருப்பி அனுப்புகிறவர், ஒரே பெண் சாருலதாவின் தாலிகட்டு மட்டும் ஆல்பத்தில் இரண்டு பக்கத்துக்கு விரிந்து வர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். முதல்நாள் சாயங்காலம் வரவேற்பு. மணப்பெண் என்கிறவள் மூன்று மணி நேரம் போட்டோக்காரனையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியவள், வேறு யாரும் பார்க்காததை அவள் பார்ப்பாள். வரிசையில் ஆட்கள் குறைந்த ஒரு நிமிஷத்தில் சாருலதா அவரைக் கிட்டே கூப்பிட்டாள்.

"அண்ணா, ஒவ்வொரு போட்டோவுக்கும் கைய இப்டி இப்டி ஆட்றீங்களே" என்று விரல்களை வெளிப்பக்கம் ஆட்டிக் காட்டினாள். "என்னையா தள்ளி நிக்கச் சொல்றீங்க?"

இல்லம்மா, நீ சரியா நிக்கிற என்றார் தணிகாசலம். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குக் கேமராவைத் தூக்கினார். அவரைக் கேட்காமலே இடது கை எழுந்து, விரல்கள் இரண்டு ஆட்டு ஆடின. கேமராவுக்குள் பச்சைப் புள்ளி இன்னும் கொஞ்சம் சிறுத்தது.

கையைக் கீழே போட்டார். அடுத்த படத்துக்கும் கை எழுந்தது. இருபத்தேழு வருஷம் பழகின கை, அதற்குச் செத்தவள் செத்தது தெரியவில்லை. அவர் ஓர் இரவுக்கு ஆயிரம் படம் எடுக்கிறவர். ஆயிரம் முறை போ என்றிருக்கிறார், அவளும் சொன்ன பேச்சைக் கேட்டு ஆயிரம் முறை ஓரடி ஒதுங்கியிருக்கிறாள். அவள் தானாகத் தூரமாகப் போகவில்லை. மிச்சமிருந்த வரவேற்பை இடது கையைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு எடுத்தார்.

காலையில் நாலரைக்கு எழுந்து குளித்துவிட்டு, மூன்று லென்ஸ்களையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். வைடை ஒரு கையால் பிடிக்கலாம், நடுவையும் பிடிக்கலாம். டெலியை மட்டும் இடது கையை அடியில் கொடுத்துத் தாங்கித்தான் பிடிக்க முடியும், தாங்குகிற கை அந்தண்டை இந்தண்டை போக முடியாது. டெலியை மாட்டிக்கொண்டு கிளம்பினார். முழங்கை நீள லென்ஸோடு மகாலுக்குள் வந்தவரைப் பார்த்து ஏகாம்பரம், இன்னா போட்டோக்காரரே, கிரிக்கெட் மேட்ச்சா என்று கேட்டார். தணிகாசலம் மேடைப் பக்கம் நடந்தார்.

தாலிகட்டுக்குத் தேவையான எல்லா ஏற்பாட்டையும் அவர் சரியாகத்தான் செய்தார். மேடைக்குக் கீழே, பதினைந்தடியில், எழுபதில் வைத்தால் மாப்பிள்ளையின் கைகளும் சாருலதாவின் குனிந்த கழுத்தும் கச்சிதமாக வந்தன. தாம்பாளத்தில் தாலி எல்லார் கையும் தொட்டுத் திரும்பியது. ஐயர் விரலை உயர்த்தி ஆட்டினார், கெட்டிமேளம் எழுந்தது, மாப்பிள்ளை தாலியை எடுத்தார். அந்த நேரம் பார்த்து ஓரத்தில் எள் அளவு பச்சை தட்டுப்பட்டது. இடது கைக்கு வழக்கம்போல் எழ வேண்டும். எழுந்தால் லென்ஸ் கீழே போய்விடும். போகச் சொல்லிப் பழகின கை, எழ வழியில்லாமல், தான் பிடித்திருந்த வளையத்தைத் திருப்பியது, கேமராவும் அதோடு அந்தப் பக்கமாகத் திரும்பியது.

நூறில் அவள் விரல் அளவு வந்தாள். நூற்று முப்பத்தைந்தில் புடவையின் ஜரிகை தெரிந்தது. இருநூறில் முகம் வந்தது.

இடது புருவத்துக்கு மேலே எண்ணெய் தெறித்த வடு இருந்தது. அதை அவர் மறந்துவிட்டிருந்தார், மறந்திருந்ததே இப்போதுதான் தெரிந்தது. மேல் உதட்டில் வியர்வை. நெற்றிக் குங்குமம் வழக்கம்போல் கொஞ்சம் கோணல். அவள் அவரைப் பார்க்கவில்லை, சாருலதாவின் கன்னத்தில் வெளிச்சம் சரியாக விழுகிறதா என்று கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், வேலையில் இருக்கும்போது அவளுக்கு வருமே அந்தச் சிடுசிடுப்போடு. பிறகு திரும்பினாள். நாதஸ்வரத்திலும் தவிலிலும் ஒன்றும் காதில் விழவில்லை, ஆனால் அந்த உதடுகள் கேட்டது என்னவென்று அவருக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை.

நான் ஃபிரேம்ல விழறனா?

"விழற" என்றார் தணிகாசலம், அத்தனை பேருக்கு நடுவில், வாய்விட்டு. "அப்படியே நில்லு."

அம்சவேணி ஒரு கணம் புரியாமல் பார்த்தாள். பிறகு விளக்குக் கம்பத்தை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு, முந்தானையை இழுத்துச் சரிசெய்து, முகத்தைத் துடைத்து, படம் எடுத்துக்கொள்கிற எல்லாரையும் போல நேராக நின்றாள். அவர் ஒரே ஒரு படம் எடுத்தார்.

அட்சதை அவர் தலையில் வந்து விழுந்தது. கேமராவை இறக்கிப் பார்த்தபோது நாத்தனார் மூன்றாம் முடிச்சையும் போட்டு முடித்திருந்தாள். இருபத்தேழு வருஷத்தில் முதல் தாலியைத் தணிகாசலம் விட்டுவிட்டார். தாலியைத் திரும்பக் கட்டச் சொல்ல முடியாது. தொடர்ந்து எடுத்த படங்களில் வலது ஓரம் வெறுமையாக இருந்தது, சாருலதாவின் இடது கன்னம் இருண்டு கிடந்தது, அவர் பையிலிருந்து ஃபிளாஷை எடுத்து மாட்டி மிச்ச வேலையை முடித்தார்.

பந்தி ஓய்ந்ததும் அவரே துளசிங்கத்திடம் போய், தாலிகட்டு விழவில்லை என்றார். கல் கிடந்த அரிசியைப் பார்க்கிற பார்வையோடு துளசிங்கம் கேமராவை வாங்கினார். அந்தச் சின்னத் திரையில் அம்சவேணி நேராக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். துளசிங்கம் நெடுநேரம் பார்த்தார். வீடியோக்காரரிடம் தாலி இருக்கிறது, அது போதும் என்றார் கடைசியில். "அந்த ரெண்டு பக்கத்துல இந்தம்மாவைப் போடு. எங்க வீட்டுக் கல்யாணத்துல ஒரு தரம் நேரா பார்த்துட்டாங்க."

அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவள் விழவில்லை. ஊர் அதையும் பழகிக்கொண்டது. இரண்டு வாரம் ஆல்பங்களில் தேடினார்கள், பிறகு தேடவில்லை, ஆனால் மேடையில் போட்ட கோட்டை ஏகாம்பரம் அழிக்கவில்லை, பந்தியில் இலையும் நிற்கவில்லை. ஆவணி முடிந்த மறுநாள் தணிகாசலம் வைடைத் துடைத்துப் பெட்டியில் வைத்து ஆற்காட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கல்யாணத்துக்கு வைடுதானே உபயோகம் என்று பாய் கேட்கவில்லை.

தையில் வருஷம் திரும்பியது. முதலாம் ஆண்டு நினைவஞ்சலி பேனரை, இந்தத் தடவை டெலியில் விழுந்த அந்த ஒரே படத்தோடு, பழைய பேனர் இருந்த தெருமுனையில் கட்டினார்கள். வேலைக்குப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், பார்த்துவிட்டுச் சும்மா போனார்கள். செத்தது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. காய்கறி வண்டிக்காரர் ஒருவர் மட்டும் நின்று, நம்ம அம்சவேணி என்று பேனரிடமே சொல்லிவிட்டுப் போனார். அதைக் கேட்டதும் தணிகாசலத்துக்கு அழுகை வந்தது. ஒரு வருஷம் வராத அழுகை, தோளெல்லாம் குலுங்கியது, வாய் கோணியது, நடுத்தெருவில் நின்று பேனரைப் பார்த்தபடி சத்தமாக அழுதார். பின்னால் வந்த மினி லாரிக்காரர் ஒதுங்கச் சொல்லி ஹாரன் அடித்தார், நிறுத்தி நிறுத்தி மூன்று முறை அடித்தார். தணிகாசலம் ஒதுங்கவில்லை.